இரண்டு பதிவேடுகள்

நான் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆங்கில நாவல் ஃபிரடெரிக் ஃபோர்சித் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லெண்டிங் லைப்ரரியில் நாள் வாடகை ஐம்பது காசு. அட்டை போய், முதல் நாலு பக்கமும் போய், யாரோ காலண்டர் தாளை மடித்து ஒட்டிவைத்திருந்தார்கள். பக்கத்துக்கு இருபது சொல்லாவது புரியாது. அகராதியைப் புரட்டப் பொறுமை இல்லை. புரியாததைத் தாண்டித் தாண்டி ஓடி இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆண்டு 1963. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல, அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்ததற்காக அவர் மேல் வெறிகொண்ட ஒரு ரகசிய ராணுவக் கும்பல் வெளிநாட்டுக் கூலிக் கொலைகாரன் ஒருவனை அமர்த்துகிறது. அவனுக்கு வைத்த பெயர் ஜாக்கல், நரி. அவனுக்குப் பொய்ப் பெயரில் ஒரு பாஸ்போர்ட் தேவை. இங்கிலாந்துக் கிராமங்களின் கல்லறைத் தோட்டங்களில் நடந்து, தான் பிறந்த காலத்தை ஒட்டிப் பிறந்து, சின்னக் குழந்தையாகவே இறந்துபோன ஒருவனின் பெயரைத் தேடுகிறான். டக்கன் என்ற பெயர் ஒரு கல்லில் கிடைக்கிறது. அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கட்டணம் கட்டி வாங்குகிறான். அதை வைத்து விண்ணப்பிக்கிறான். அரசாங்கமே அச்சடித்த அசல் பாஸ்போர்ட் வந்து சேர்கிறது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், இது நிஜமாகவே நடக்குமா என்று. அப்பா நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தர். எங்கள் ஊரில் வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லார் பெயரும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஏறும். சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். "நடக்கும். பிறப்புப் பதிவேடு வேற, இறப்புப் பதிவேடு வேற. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யார் பாக்கப்போறா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உலகத்தின் ஒரு ரகசியக் கதவு எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே திறந்த மாதிரி இருந்தது. அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் அன்றிலிருந்து இன்றுவரை உளவுக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இப்போதெல்லாம் மனைவியும் நானும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடர்களாகப் பார்க்கிறோம். எத்தனையோ வகைக் கதைகள் இருந்தும் கை கடைசியில் இதற்குத்தான் போகிறது.

அந்தச் சுகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிச் சண்டையில் இல்லை. வேலை நுணுக்கத்தில் இருக்கிறது. ஒரு தச்சர் பலகையைத் தடவிப் பார்த்து இழைப்பதைப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நிறைவு. ஜாக்கல் தன் துப்பாக்கியைத் தானே திட்டம் போட்டுச் செய்யச் சொல்கிறான், ஒவ்வொரு எல்லையையும் முன்கூட்டியே போய்ப் பார்க்கிறான், அவசரப்படுவதே இல்லை. டி கோல் 1970இல் தன் வீட்டில்தான் இறந்தார். ஆகவே இவன் தோற்கப்போகிறான் என்பது முதல் பக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். தெரிந்தும், போலீஸ் நெருங்கும்போது நம் மனசு அவனுக்காகத்தான் பதறுகிறது. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன் ஜெயிக்கட்டும் என்று நினைக்கிறோம். அவன் செய்யும் வேலை ஒரு கொலை என்பது எங்கோ பின்னால் போய்விடுகிறது.

துரத்துகிறவர்கள் பக்கமும் அப்படித்தான். அந்த நாவலில் பிரெஞ்சு உளவுத்துறைக்கு அந்தக் கும்பலின் மெய்க்காப்பாளன் ஒருவனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவனுடைய சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பொய்க் கடிதம் போடவைக்கிறார்கள். பதறி ஓடி வருகிறவனைப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சி, சாகும்வரை சித்திரவதை செய்கிறார்கள். அவன் வாயிலிருந்து சிதறிய சொற்களிலிருந்துதான் துப்பறிதலே தொடங்குகிறது. பதினைந்து வயதில் அந்தப் பக்கங்களை நான் எப்படிப் படித்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீக்கிரம் சொல்லித் தொலைடா, கதை நகரட்டும் என்றுதான் படித்தேன். மகளைப் பார்க்க ஓடி வந்த அப்பன் ஒருவன் அந்த நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, அது கதை. கதையில் யாருக்கும் வலிக்காது. ரொம்ப வருஷம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2013இல் ஒரு நாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பிரிட்டிஷ் செய்தி ஒன்றைப் படித்தேன். லண்டன் மாநகரப் போலீசில் 1968இல் வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களை ஒட்டித் தொடங்கப்பட்ட ஒரு ரகசியப் பிரிவு, 2008 வரை இயங்கியது. அதன் அதிகாரிகள் வேறு பெயரில், வேறு ஆளாக, போராட்டக் குழுக்களுக்குள் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். சுற்றுச்சூழல் குழுக்கள், விலங்குரிமைக் குழுக்கள், இனவெறிக்கு எதிரான குழுக்கள். அந்தப் பொய்ப் பெயர்களுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, இறந்துபோன குழந்தைகளின் பிறப்புப் பதிவு. யாராவது சந்தேகப்பட்டுத் தேடினால் உண்மையான பிறப்புச் சான்றிதழ் கிடைக்க வேண்டும் அல்லவா. அந்தப் பிரிவுக்குள் இந்த வேலைக்கு ஒரு செல்லப் பெயரே இருந்தது. 'ஜாக்கல் ரன்'. நாவலிலிருந்து எடுத்த பெயர்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டேன்.

அந்த ஆண்டு ஜூலையில் போலீஸ் தரப்பு விசாரணையே வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராய்ந்த 106 பொய் அடையாளங்களில் 42, உறுதியாகவோ அநேகமாகவோ, இறந்த குழந்தைகளுடையவை. அதிகாரிகள் பெயரோடு நிற்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்த இடத்துக்குப் போய்த் தெருவையும் வீட்டையும் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. நாலு வயதில் இறந்த ஒரு பையனின் பெயரை எடுத்துக்கொண்ட அதிகாரி ஒருவர், தான் அவன் கல்லறையை மிதிப்பதுபோல் உணர்ந்ததாகப் பின்னால் சொன்னார். அந்தக் குழந்தையின் பிறந்தநாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாட வேண்டியிருந்தபோது, அதே நாளில் எங்கோ ஒரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

ஃபோர்சித் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டத்தில் இருந்த ஓட்டையை எழுதினார், அவ்வளவுதான். என் மேல்தான் ஒரு கேள்வி விழுந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் போய் ஆசையாக 'இது நடக்குமா' என்று கேட்டேனே, அதே ஆசையோடுதான் ஒரு போலீஸ்காரரும் அதைப் படித்திருப்பார். எங்கள் இருவருக்கும் அந்தக் கல்லின் மேல் இருந்தது பயன்படுத்தக்கூடிய ஒரு பெயர். அதற்குக் கீழே யார் என்று இருவருமே கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. இந்த அதிகாரிகள் பலர், தாங்கள் ஊடுருவிய குழுக்களில் இருந்த பெண்களோடு காதல் உறவு வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கில். ஒருவருக்குக் குழந்தையே பிறந்தது. ஹெலன் ஸ்டீல் என்ற சமூகப் போராளி அப்படி ஏமாற்றப்பட்டவர்களில் ஒருவர். ஒரு பெரிய துரித உணவு நிறுவனத்தை எதிர்த்து பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வாதாடிய பெயர்பெற்ற வழக்கின் பிரதிவாதி அவர். ஜான் பார்க்கர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரோடு இரண்டு வருஷம் வாழ்ந்தார். 1992இல் அந்த மனிதர் மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து ஹெலன் தேட ஆரம்பித்தார். பிறப்புப் பதிவு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள், ஏதோ தோன்றி, இறப்புப் பதிவேட்டையும் பார்த்தார். ஜான் பார்க்கர் எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோன ஒரு சிறுவன்.

இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று என் அப்பா கேட்டார். நேசித்தவர் பார்த்தார்.

தன்னோடு வாழ்ந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது. 2015 நவம்பரில் லண்டன் போலீஸ், அவர் உட்பட ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த உறவுகள் வஞ்சகமானவை, தவறானவை என்று ஒப்புக்கொண்டது. 2016இல் சிட்னி விமான நிலையத்தில் அந்த முன்னாள் அதிகாரியை ஹெலன் நேருக்கு நேர் சந்தித்தார். அவரும் மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் படித்த பிறகு ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு' நாவலைத் திரும்ப எடுத்தேன். 1963இல் வந்தது. எழுதியவர் அப்போது பிரிட்டிஷ் உளவுத்துறையிலேயே வேலையில் இருந்தார். அதில் லிஸ் என்று ஒரு பெண். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், ஒரு உளவாளியைக் காதலிக்கிறாள். அவளுடைய காதலே லண்டன் போட்ட கணக்கில் ஒரு எண். எதிரி உளவுத்துறைக்குள் தங்களுக்காக வேலை பார்க்கும் ஒரு கொடியவனைக் காப்பாற்றுவதற்காக, ஒரு நேர்மையானவனையும் இந்தப் பெண்ணையும் பலிகொடுக்கிறார்கள். கடைசியில் பெர்லின் சுவரடியில் கிடக்கிறாள். லெ காரே அவளைத் தாண்டிப் போகவில்லை, அவளிடம்தான் கதையை முடிக்கிறார். அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் அந்தப் புத்தகம் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் துயரத்தையும் நான் ரசித்தேன். இந்த வகை உளவுக் கதைகள் நம் மனசு உறுத்துவதையே ஒரு சுவையாக்கிக் கொடுக்கின்றன. படித்து முடித்து, புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, 'எவ்வளவு குரூரமான உலகம்' என்று பெருமூச்சு விடும்போது ஒரு நிம்மதி வருகிறதே, அது எனக்கு இப்போது பிடிக்கவில்லை. வருத்தப்பட்டுவிட்டோம், கடன் தீர்ந்தது என்கிற நிம்மதி அது. லிஸ் கற்பனை, அவளுக்காக வருத்தப்பட்டால் போதும். ஹெலன் போன்றவர்களுக்கு நம் பெருமூச்சால் ஒரு பலனும் இல்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள், பொது விசாரணை வேண்டும் என்று போராடினார்கள், அது 2015இல் தொடங்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

1943 ஜனவரியில் லண்டனில் எலி மருந்தால் ஒரு மனிதர் இறந்தார். கிளிண்டூர் மைக்கேல், வேல்ஸ்காரர், வயது 34, வீடு வாசல் இல்லாதவர். பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறை அவர் உடலை மூன்று மாதம் குளிரில் பாதுகாத்து, கடற்படையின் ராயல் மரீன்ஸ் பிரிவு அதிகாரியின் சீருடை போட்டு, மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயர் வைத்து, ஸ்பெயின் கரையோரம் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கடலில் விட்டது. இடுப்பில் சங்கிலியால் கட்டிய பெட்டிக்குள் பொய்க் கடிதங்கள். நேச நாடுகள் கிரேக்கத்திலும் சார்டினியாவிலும் இறங்கப்போகின்றன என்று ஜெர்மானியரை நம்பவைக்கும் கடிதங்கள். நம்பினார்கள். ஜூலை 10 அன்று படைகள் சிசிலியில் இறங்கின. அந்தப் பொய்யால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஹிட்லரை எதிர்த்த போர் அது. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த யோசனையும் ஒரு கதைப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். 1939இல் கடற்படை உளவுத்துறைத் தலைவர் காட்ஃப்ரியின் பெயரில் எதிரியை ஏமாற்றும் உத்திகளின் பட்டியல் ஒன்று சுற்றுக்கு விடப்பட்டது. அதை எழுதியவர் அவருடைய உதவியாளர் இயன் ஃபிளெமிங் என்று பலரும் கருதுகிறார்கள், பின்னாளில் ஜேம்ஸ் பாண்டைப் படைத்தவர். அந்தப் பட்டியலின் 28ஆவது யோசனை, பேசில் தாம்சன் என்பவரின் துப்பறியும் நாவலிலிருந்து எடுத்தது. பிணத்துக்கு உடை போட்டுப் பொய்க் கடிதங்களோடு விடலாம் என்பது. 'ஒரு யோசனை, அவ்வளவு நல்லதல்ல' என்று அதற்குத் தலைப்பு. அந்தத் தலைப்பை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. எழுதிய கை ஒரு கணம் நின்றிருக்கிறது. செய்யலாம் என்று எழுதிய அதே வரியில், இது அழகில்லை என்றும் எழுதியிருக்கிறது.

அந்த உடலின் சட்டைப் பையில் என்னென்ன வைத்தார்கள் தெரியுமா? நாடகக் கொட்டகை டிக்கெட் துண்டுகள், வங்கியிலிருந்து வந்த பணம் கட்டச் சொல்லும் கடிதம், நிச்சயதார்த்த மோதிரத்துக்கான ரசீது, பாம் என்ற காதலியின் புகைப்படம், அவள் எழுதிய இரண்டு காதல் கடிதங்கள். உயிரோடு இருந்தபோது கூரைகூட இல்லாத மனிதருக்கு, செத்த பிறகு ஒரு முழு வாழ்க்கையை ஜோடித்தார்கள். இதைப் படிக்கும்போது அந்த வேலைத் திறமையில் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. கூடவே தொண்டை அடைக்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, ஒன்று மற்றொன்றை அடக்குவதில்லை.

ஸ்பெயினில் வெல்வா நகரக் கல்லறையில் மேஜர் மார்ட்டின் என்ற பெயரில்தான் அவரைப் புதைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர் மட்டும்தான். 1998இல் அந்தக் கல்லில் ஒரு வரி சேர்த்தார்கள். கிளிண்டூர் மைக்கேல் மேஜர் வில்லியம் மார்ட்டினாகப் பணியாற்றினார் என்று.

நம் ஊரிலும் இந்த யோசனை பழையது. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு
அனைவரையும் ஆராய்வது ஒற்று.

தன்னிடம் வேலை பார்ப்பவர், தன் உறவினர், தன்னை வேண்டாதவர், எல்லாரையும் ஆராய்வதுதான் ஒற்று. பகைவரோடு சுற்றத்தையும் சேர்த்துச் சொல்கிறார். பத்துக் குறளையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஒற்றனுக்கு என்ன திறமை வேண்டும் என்று இருக்கிறது. ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனால் சரிபார் என்று இருக்கிறது. அவனை ஊரறியச் சிறப்பிக்காதே, ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று இருக்கிறது. அரசனுக்குச் சொன்ன அதிகாரம், ஆகவே எல்லாம் அரசனின் ஆசனத்திலிருந்து தெரிகிறபடி இருக்கிறது. வேவு பார்க்கப்பட்ட அந்தச் சுற்றத்தார் ஒருநாள் அதைத் தெரிந்துகொண்டால் அன்று ராத்திரி எப்படித் தூங்குவார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. உளவுக் கதைகள் பெரும்பாலும் அந்த ஆசனத்திலோ, ஒற்றனின் தோளிலோ உட்கார்ந்துதான் உலகத்தைப் பார்க்கின்றன. நானும் அங்கேதான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

நோக்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி எனக்கு அவ்வளவாக உதவவில்லை. ஒவ்வொரு உளவுத்துறையும் தன் நோக்கம் நல்லது என்றே நம்புகிறது. இப்போது நான் கேட்டுக்கொள்வது அதைவிடச் சின்னக் கேள்வி. இந்த வேலைக்கு யாரிடமிருந்து எதை எடுத்தார்கள்? எடுக்கப்பட்டவருக்கு அது எப்போதாவது தெரிந்ததா? சிசிலிக்கு ஒரு பதில் வருகிறது, அரைகுறையாக என்றாலும் கல்லில் ஒரு வரியாக வருகிறது. லண்டன் போலீஸ் விஷயத்தில் அந்தப் பெண்கள் தாங்களே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

போன மாதம் ஜாக்கலைத் திரும்பப் படித்தேன். இந்தமுறை புதுப் பிரதி, முதல் நாலு பக்கமும் இருந்தது. கல்லறை அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றேன். அப்புறம் கீழே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ராத்திரி இரண்டு மணிவரை கீழே வைக்க முடியவில்லை.

மொட்டை மாடியில் நின்றபோது நினைவுக்கு வந்தது அப்பாவின் அலுவலகம். அதே விடுமுறையில் மதியச் சாப்பாட்டுக் கேரியரை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் மேசைக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஆண் குழந்தை, பதினொரு மாதத்தில் தவறிவிட்டது. பிறந்தபோது பெயர் இல்லாமல்தான் பதிவாகியிருந்தது, அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான், பெயரை அப்புறம் வந்து சேர்ப்பார்கள். பெயர் வைத்தாயிற்று, பதிவேட்டில் ஏற்றவில்லை. அதை ஏற்ற வந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர், "இனிமே எதுக்கும்மா, எந்த சர்ட்டிபிகேட்டுக்கும் தேவைப்படாதே" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

அப்பா எழுந்து போய் அந்த வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டை எடுத்துவந்து தூசி தட்டிப் பிரித்தார். ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதி, படித்துக்காட்டி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். காலியாக இருந்த கட்டத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் தேதி போட்டார். "ஒருதரம் வாசிங்க சார்" என்றார் அந்த அம்மா. அப்பா வாசித்தார்.

அந்தப் பெயர் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.